மாதிரி

கடைசிப் பெண்ணின் புருவ மயிரைக் கூட்டித் தள்ளிவிட்டு
ஷட்டரைப் பாதிக்கு இறக்கி
மெழுகுச் சட்டி ஆறுவதற்குள்
தோலின் ஐந்து அடுக்கையும் ஒப்பித்துப் பார்க்கிறேன்.
கார்னியம், லூசிடம், கிரானுலோசம், ஸ்பைனோசம், பேசாலே.
இரண்டாவது எப்போதும் நழுவும்.
கூத்தாநல்லூர் ஹாஜிரா ஒரு வழி சொன்னாள்:
'கார்த்திகா லூசு, கிரைண்டர்ல ஸ்பூனைப் போட்டுட்டுப் பேசுறா.'
கார்த்திகா என் நாத்தனார் பெயர்.
இனி மறக்காது.

போன முறை மூன்று மார்க்கில் போனது.
எதிர்முனை தளர்த்தும், நேர்முனை இறுக்கும் என்பதை
மாற்றி எழுதியிருந்தேன்.
பன்னிரண்டு வருஷமாக
மன்னார்குடி மண்டபங்களுக்கு மணப்பெண் அனுப்புகிறவள்,
மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால்
ஈ.பி.க்குப் போன் போடுகிற ஆள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
படிக்க இதை விட்டால் நேரமும் இல்லை.
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.
செய்முறைக்கு ஆளைக் கூட்டி வர வேண்டும் என்றபோது
ஊரில் எல்லாப் பெண்களும் வயலில் இருந்தார்கள்.
மேலவாசல் மாரிக்கண்ணு மட்டும்
'நடவுக் கூலியும் பஸ் காசும் குடு' என்றாள்.
பிறகு சந்தேகம்:
'மாடல்னா செவப்பா இருக்க வேணாமா?'

புத்தகத்திலும் அப்படித்தான்.
நூற்றிருபது படம், நூற்றிருபதும் பால் கன்னம்.
'சிவந்தால் உடனே துடைத்தெடுக்கவும்.'
ஒத்திகையில் ஆவி பிடித்து
மாரிக்கண்ணுவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவக்கவில்லை. எப்படிச் சிவக்கும்.
புறங்கையை வைத்தேன்.
மத்தியான வெயிலில் கைப்பம்புப் பிடியைத் தொட்ட மாதிரி இருந்தது.
மெஷினை அணைத்தேன்.
'சுடுதுன்னு சொல்லக் கூடாதா?'
'இதுவா?' என்றாள்.

மாதிரி வினாத்தாள், கேள்வி நாற்பத்தொன்று.
ஆறாம் வகைத் தோல் வெயிலில்
அ. எப்போதும் எரியும்
ஆ. பெரும்பாலும் எரியும்
இ. சில சமயம் எரியும்
ஈ. ஒருபோதும் எரியாது.
சத்தமாக வாசித்தேன்.
அவள் ரவிக்கையின் கழுத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள்.
போன குறுவையில் உரிந்த இடம்
இன்னும் வேறு நிறத்தில், கைக்குட்டை அளவு.
'மூணு நாள் குப்புறப் படுத்தேன். என்ன போட்டிருக்கு அதுல?'
ஈ என்றேன்.
ஈ-க்கு வட்டம் போட்டேன்.
ஒரு மார்க்.

அமில உரிப்பு செய்து காட்டினால் இருபது.
பப்பாளி நொதி பூசிக் காட்டினால் பதினான்கு.
எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.
அமிலத்துக்கான பின்கவனிப்பை
அவளிடம் வாசித்துக் காட்டினேன்:
'ஒரு வாரம் வெயில் படக் கூடாது.'
மாரிக்கண்ணு சிரித்த சிரிப்பில்
முகத்தில் பூசியிருந்த களிமண் நாலாக வெடித்தது.
'வெயிலுகிட்ட சொல்லிட்டியா?'

ஏழு நாள் கூலியைக் கணக்குப் போட்டேன்.
தேர்வுக் கட்டணத்துக்கு மேலே வந்தது.
ஆறு மார்க் போகட்டும் என்று
ஒரே மூச்சில் முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
இரண்டு ராத்திரி ஆயிற்று.
ஹாஜிரா திட்டினாள்.
அவளுக்கு ஷார்ஜா விசா காத்திருக்கிறது,
அவளுடைய மாடல் ஏ.சி. வீட்டில் இருக்கிறாள்.
திட்டிவிட்டு
எதிர்முனை நேர்முனை இரண்டையும்
என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினாள்,
எழுதி முடித்ததும் எச்சில் தொட்டு அழிக்கவும் செய்தாள்.

தஞ்சாவூர் பஸ், முதல் வண்டி.
மடியில் பெட்டி, துண்டு, தலைப்பட்டை, பஞ்சு,
நறுக்காத பப்பாளியின் மணம் மட்டும் வரும் ஒரு டப்பா.
வடுவூர் ஏரி ஜன்னலில் வந்து நிற்கும்போது
மாரிக்கண்ணு என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்.
நேற்று இதே நேரம்
அவள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவியிருந்தேன்.
இருபத்து நான்கு மணி நேரம்.
முடியை ஒதுக்கிப் பார்த்தேன்.
பார்வையை நம்பாமல் புறங்கையை வைத்தேன்.
ஜன்னல் காற்றில் தோல் குளிர்ந்திருந்தது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்,
'என்ன, பாஸா?'