பாதுகாக்கப்பட்ட கிணறு

நூற்றுப் பதினாலு வீடு என் பங்கு.
நாற்பத்தியொன்றில் பூட்டு.
ஒன்றில் காவலுக்கு ஒரு நாயும்
அதற்குச் சோறு வைக்க மாதக்காசு வாங்கும்
மன்னார்ப் பொடியனும்.
நாயைச் சேர்க்கக் கட்டமில்லை.

இரத்தினசோதியக்கா நாலு பேர் என்றா.
நான் கண்டது அவவை மட்டும்.
மற்ற மூன்றும் ஸ்காபரோவில்.
"வீடு அவையின்ரைதானே, போடுமன்."
அன்றிரவு இங்கே படுத்தவர்கள்தான் கணக்கு என்றேன்.
"அப்ப நான் ஒருத்தியோ" என்று
விறாந்தை லைட்டைப் போட்டா,
பட்டப்பகலில்.

படிவத்தில் இனம் உண்டு, சமயம் உண்டு.
மற்றதை ஒழுங்கை சொல்லும்:
தார் முடிந்து மணல் தொடங்கும்,
மதில் முடிந்து தகரம்.
தகரத்துக்கு அங்கால்தான் எங்கள் வீடும்.

தவநேசன் மாஸ்டர் கதிரை தந்தார்.
தகப்பன் பேர் கேட்டார்,
பிறகு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று.
(கணக்கெடுக்க வந்தது நான்.)
உள்ளே கொதித்த தேத்தண்ணி வரவில்லை.
மூடி உடைக்காத சோடாப் போத்தில் வந்தது.

குடிநீர்?
"வளவுக் கிணறு."
பாதுகாக்கப்பட்டதா, இல்லையா?
எட்டிப் பார்த்துக் காட்டினார்:
இடுப்பளவு கட்டு, மேலே கம்பிவலை,
ஒரு சருகும் விழாது.
"பாதுகாக்கப்பட்டது."
ஓம், தெரியும் என்று புள்ளடி போட்டேன்.

சோடா வெயிலில் கிடந்த சூடு.
குடித்து முடித்து
வெறும் போத்திலைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.
இனி எதைக் கழுவுவினமோ,
போத்திலையோ கட்டையோ.

இன்னும் பதினேழு வீடு.