இடது சுட்டுவிரல்

செந்தூல் தமிழ்ப்பள்ளி, இரண்டாம் மல்லிகை வகுப்பு.
பிள்ளைகளின் நாற்காலிகளை மூலையில் அடுக்கிவிட்டால்
அறை ஓட்டுச் சாவடி.
ரோஸ்னா பெயரைக் கூவுவாள்.
கட்சி முகவர்கள் அடிக்கோல் வைத்துக் கோடிழுப்பார்கள்.
நான் இரண்டாம் எழுத்தர். மை என் வேலை.
புட்டியைக் குலுக்கு, விரலைப் பிடி,
நகத்திலும், நகம் தோலைத் தொடும் இடத்திலும் பூசு.
துடைக்காதீங்க. அடுத்தவர்.

பத்து வருடமாய்ப் பார்த்த முகங்கள்
இன்று விரலாக மட்டும் வந்தன.
மஞ்சள் ஏறியது, கிரீஸ் போகாதது,
இரவு வேலை முடித்து நின்றபடியே தூங்கி
என் கைக்குள் திடுக்கிட்டு விழித்தது.
கையுறைத் தொழிற்சாலையில் பாதி விரலை விட்டுவந்தவள்
"இருக்கிறதுல வை, டீச்சர்" என்றாள்.
விதிநூலில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது.

ஒன்பதரைக்கு அருளப்பன்.
பட்டியலில் அவர் இல்லை.
அடுத்த தொகுதியாம், மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சீனப்பள்ளியாம்.
"முப்பத்தொரு வருஷமா அதே பதினாலாவது மாடி.
நான் வீடு மாறலையே டீச்சர்,
வீடு எப்ப மாறுச்சு?"
எங்கோ ஒரு மேசையில் யாரோ
கோட்டை ஒரு நகக்கண் அளவு நகர்த்தியிருக்கிறார்கள்.
அவர் புளோக்குக்கும் எங்கள் புளோக்குக்கும் நடுவே
குப்பைத்தொட்டி ஓரமாக அது போகிறது.
"அப்ப குப்பை எந்தத் தொகுதி?"
பதிலுக்கு நிற்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பதினோரு மணிக்கு வரிசை
திடலைச் சுற்றிக் கழிப்பறைவரை வளைந்து கிடந்தது.
தேநீர் குடிக்க வெளியே வந்தபோது கொழுந்தன் அழைத்தான்.
உள்நாட்டில் ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் அவனுக்கும் இதே வேலை.
"எங்க பக்கம் முடிஞ்ச மாதிரிதான் அண்ணி,
மீன் பொரிக்கிறாங்க."
அங்கிருந்தும் ஓர் உறுப்பினர்.
இங்கிருந்தும் ஓர் உறுப்பினர்.
நான் கணக்கு டீச்சர். மனம் சும்மா இருக்காது.
அங்கே ஒருவர் நின்றால்
இங்கே ஐந்து பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினால்தான்
அவர் உயரம் வருகிறது.
வெயிலில் குடையோடு நின்ற கிழவரிடம்
இதை எப்படிச் சொல்ல,
நீங்கள் ஐந்தில் ஒரு பங்குதான் என்று?

என் ஓட்டு போன வாரமே தபாலில் போய்விட்டது.
எனக்கு மை கிடையாது.
ஆனாலும் மாலைக்குள் பத்து விரலும் கறுத்திருந்தன.

எண்ணி முடித்துப் பெட்டி போனபோது இரவு பத்தரை.
இருதயமேரி வாளியோடு வந்தாள்.
திங்கட்கிழமை பிள்ளைகள் வரவேண்டுமே.
ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள்.
அப்பா பதியப் போனபோது மூன்று வயது ஆகியிருந்தது.
அதனால் சிவப்பு அட்டை. நான்கு மனு.
நான்கிற்கும் ஒரே பதில், தேதி மட்டும் வேறு.
இந்த அறையை ஆறு தேர்தலுக்குக் கூட்டியிருக்கிறாள்,
வரிசையில் ஒருமுறையும் நின்றதில்லை.

மூடி சரியாக இறுகாத புட்டி சரிந்தது.
அவள்தான் பாய்ந்து பிடித்தாள்.
இடது கை. சுட்டுவிரல். நகத்தோடு சேர்த்து.

நான் சிரிக்கப் போனேன்.
"இந்தா, உனக்கும் ஆச்சு" என்று சொல்ல வாய் திறந்தேன்.
அவள் முகம் வெளுத்திருந்தது.
குழாயடிக்கு ஓடினாள். சோப்பு, வாளிக்குள் இருந்த பிரஷ்,
சமையலறையில் கிடந்த எலுமிச்சை மூடி.
தோல் சிவந்தது, மை அசையவில்லை.
ஒரு வாரத்துக்கு அசையாதபடி செய்த மை.
"எல்ஆர்டியில யாராச்சும் பார்த்தா?
சிவப்பு அட்டைக்காரி கள்ள ஓட்டுப் போட்டான்னு சொன்னா,
அஞ்சாவது மனு என்ன ஆகும், டீச்சர்?"

முதலுதவிப் பெட்டியைத் திறந்து
அந்த விரலில் பிளாஸ்டர் சுற்றிவிட்டேன்.
அன்று நான் பிடித்த கடைசி விரல்.
அவள் பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தாள்.

பெட்டிக்குள் ஒரு பாரம் இருக்கிறது, நிரப்பியாக வேண்டும்.
பயன்படுத்திய பொருள்: பிளாஸ்டர், ஒன்று.
காரணம்:
கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்து
'கீறல்' என்று எழுதினேன்.