பற்றுச்சீட்டின் பின்பக்கம்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
நாலடி அகலத்தில் என் கடை.
கீறல் விழுந்த திரை, ஊதிப்போன பற்றரி,
மாரி மழையில் தண்ணீர் குடித்த போன்.
கையில் தந்துவிட்டுத் திரும்பும்போது
எல்லாரும் ஒன்று சொல்வார்கள், குரலைத் தாழ்த்தாமலே:
"பாஸ்வேர்டையும் எழுதிக்கங்க தம்பி."

எழுதுவேன், பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்.
பதினொரு வருசம்.

நற்பிட்டிமுனை மேசனுக்கு மகளின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.
மருதமுனைச் சாறிக்கடைக்குக் கடையின் பெயரே,
பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துப்பிழையோடு.
கூட்டுறவுச் சங்கத்துப் புவிராசாவுக்கு மோட்டார்சைக்கிள் இலக்கம்;
மோட்டார்சைக்கிள் என் வாசலில்தான் நின்றது.
கட்டாரில் புருசன் இருக்கும் ஒருத்தி
அவன் வந்திறங்கும் திகதியை வைத்திருந்தாள்.
இரண்டு தரம் மாற்றினாள்.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
நாலு பூச்சியம் போட்டிருந்தவன் நான்.
பிறகு மாற்றினேன். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் அதிகம் எழுதிய எண்
2612.

இந்தக் கரையில் அதற்கு விளக்கம் வேண்டாம்.
பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் நீலாவணையிலும்
கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும்
ஒருவரை ஒருவர் கேளாமல்
ஒரே சாவியைச் செய்து வைத்திருக்கிறார்கள்.
"இது மட்டும் மறக்காது தம்பி."
ஓம். கள்ளனுக்கும் மறக்காது.
இந்தப் பக்கத்துப் போன் ஒன்று கிடைத்தால்
மூன்று தரம் பிழைக்க விடும் பூட்டில்
முதலாம் தரமே அவனுக்குப் போதும்.

சித்தி நயீமா போன வியாழன் வந்தா.
கையில் போன், போனில் ஒரு செய்தி:
பார்சல் தபால் கந்தோரில் தங்கிவிட்டதாம்,
நூற்றைம்பது ரூபா கட்டட்டாம், கீழே ஒரு நீலக்கோடு.
மகன் சவூதியிலிருந்து ஏதோ அனுப்புவதாகச் சொன்னது உண்மை.
பொய் எப்போதும் ஒரு உண்மைக்குப் பக்கத்தில்தான் கடை போடும்.

விலாசத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன்.
ஒரே ஒரு எழுத்து.
துணைக்கால் நிற்கவேண்டிய இடத்தில்
ரகரத்தை நிறுத்திவிட்ட மாதிரி.
வாசிக்கிற கண் தானாகத் திருத்திக்கொள்ளும்;
கண்ணின் அந்தத் தாராளத்தில்தான்
அவனுக்குப் பிழைப்பு.

மறுகா ஒருத்தன் எடுத்தானாம்.
"வங்கியிலிருந்து பேசுறோம்மா."
எங்கட ஆக்கள் கதைப்பார்கள், பேசமாட்டார்கள்;
அதையும் அவ கவனித்தாவாம்.
"பெரிய கந்தோராக்கும் எண்டு நினைச்சன்."
ஆறு இலக்கம் வந்தது. வாசித்துக் கொடுத்தா,
பிழை விடக்கூடாதென்று இரண்டு தரம், நிதானமாக.
அறுபத்தெட்டாயிரம்.
தையல் மெசினுக்குச் சேர்த்தது.

அந்த ஆறு இலக்கம் உள் தாழ்ப்பாள், சித்தி.
வெளியில் நின்று தாழ்ப்பாளைக் கேட்கிறவன்
வங்கியோ, பொலிசோ, நானோ,
எவனென்றாலும் திறக்காதீங்க.
இதைச் சொல்லும்போது
கணக்கு வெறுமையாகி மூன்று நாள்.

வங்கிக்கு அறிவித்து, முறைப்பாடு எழுதி,
புது எண் கேட்டது திரை.
அவவின் பெருவிரல் இரண்டில் போய் நின்றது.
"அது வேணாம்."
"வேற எந்த நாளத் தம்பி போடுற?"

மறுமொழி எனக்கு வரவில்லை.
வெளியே அக்கரைப்பற்று பஸ் கத்திக்கொண்டு நின்றது.
நாளே வேண்டாம் என்றேன் பிறகு.
கருத்தில்லாத எண்.
யாருக்கும் ஒன்றும் சொல்லாத எண்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தா.
முக்காட்டை இழுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி அமத்தினா.
"எழுதிக்கங்க" என்று வாயெடுத்தவவை
கையை நீட்டி நிப்பாட்டினேன்.

அன்றைக்குக் கடை பூட்டமுதல்
பதினொரு வருசத்துத் துண்டுகளையும் எரித்தேன்.
பிரதிகள் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருந்தன.
ஊரின் முழுச் சாவிக்கொத்தையும்
இரும்பலுமாரிகூட இல்லாமல் வைத்திருந்திருக்கிறேன்.
இனி போனைத் திறப்பவர் சொந்தக்காரர்,
நான் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கட்டும்.
புவிராசா கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

என் போனையும் மாற்றினேன்.
பழக்கப்பட்ட விரல் இன்னும் கேட்பதில்லை.
காலையில் கண் திறக்கமுதல்
இரண்டு, ஆறு, ஒன்று, இரண்டு.

பிழை என்கிறது.
மீண்டும் முயல்க என்கிறது.