பங்கு பிரித்தல்

புதுச்சேரி பேருந்து நிலையம், இரவு பத்தரை.
பத்தொன்பது நாள் கணக்கை
டீக்கடை பெஞ்சில் தீர்த்தோம்.
தாவீதுக்கு நான் தர வேண்டியது நூற்றி நாற்பது.
ஹஸீனா எனக்கு அறுபது;
அதில் காரைக்கால் பரோட்டா சேர்த்தியா என்று
ஒரு சின்னச் சண்டை.
துணி காயப்போட்ட நைலான் கயிறு யாருக்கு?
கொசுவர்த்தி அரை வட்டம் மிச்சம்.
பற்பசையை எப்படிப் பிரிப்பது என்று சிரித்தோம்,
கொஞ்சம் அதிகமாகவே.

பெங்களூர் வண்டி முதலில் வந்துவிட்டது.
கட்டிப்பிடிக்கப் போனால்
முதுகில் பை, நெஞ்சில் பை,
கை எட்டவில்லை.
ஹஸீனா என் பைவாரை மட்டும்
இழுத்துச் சரிசெய்தாள்.
"போய்ட்டு மெசேஜ் போடு" என்றான் தாவீது.
போவது அவன்தான்.

கடலூர்ப் பேருந்தில்
பை வைத்த மடி ஈரமானது.
காலையில் குளித்த கடலோடு
உள்ளே அவன் துண்டு.
என்னுடையது இந்நேரம்
திண்டிவனத்தை நெருங்கியிருக்கும்.