மெல்லக் கற்போர் பதிவேடு

நீலப் பைண்டு போட்ட நோட்டு அது.
பெயர், மதிப்பெண், குறைபாடு,
எடுத்த நடவடிக்கை, கையொப்பம் என்று
ஜூன் மாதமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடுவேன்.
ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.
வேகமாகக் கற்போருக்கு ஒரு நோட்டு
யாரும் கேட்டதில்லை.
நானும் வாங்கியதில்லை.

நிரோஷினிக்குக் கொடுக்க என்னிடம் இருந்ததெல்லாம் வேலை.
ஐந்தாவது கணக்கை நான் பலகையில் எழுதி முடிக்கும்போது
ஐந்தையும் போட்டுவிட்டுக்
கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள்.
அந்தக் கட்டிய கை எனக்கு ஆகாது.
முடிச்சிட்டியா, ஆபீஸ் ரூமுக்குப் போயி
சாக்பீஸ் எடுத்துட்டு வா.
சத்துணவுக்கு எத்தனை முட்டை, எண்ணிச் சொல்லு.
பேசுறவங்க பேரை எழுது.
இந்தா, கபிலேஷ் நோட்டையும் திருத்திடு.

பேர் எழுதப்பட்டவர்கள்
உப்பனாற்றுப் பாலத்தில் அவளுக்காகக் காத்திருந்தது
எனக்கு வெகுநாள் தெரியாது.

இரண்டாம் இடைத்தேர்வில்
இருபத்தைந்துக்கு மூன்று.
அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன்.
இறால் ஷெட்டிலிருந்து நேராக வந்தார் மஞ்சுளா,
விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து.
"ராத்திரியில படிக்குதுங்களே டீச்சர்.
கரண்டு போனாக்கூட செல்லு வெளிச்சத்துல
என்னத்தையோ வகுத்துக்கிட்டே கெடக்குது."

விதி விதிதான்.
வரிசை எண் பன்னிரண்டு: நிரோஷினி, ஏழாம் வகுப்பு.
குறைபாடு: அடிப்படைச் செயல்களில் கவனமின்மை.
கையொப்பம் போட்டேன்.

மாலை நாலரை.
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம்.
காற்று தெற்கிலிருந்து திரும்பி சிப்காட் வாடை ஏற,
சொல்லாமலே யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
பன்னிரண்டு பேருக்கு நடுவே, பெஞ்சில்,
அவள் பக்கத்தில் உட்கார்ந்து
அந்தத் தாளை மறுபடி எடுத்தேன்.

இருபது வரவேண்டிய இடத்தில் இருபத்தேழு.
அறுபத்தைந்து பாகை, எழுபத்திரண்டாக.
நாற்பத்தெட்டில் போகவேண்டிய ரயில்
ஐம்பத்தைந்தில் போயிருந்தது.
கடைசிப் பக்கம் வரைக்கும்
ஒவ்வொரு தப்பும் மிகச் சரியாக ஏழு.

இப்படித் தப்புப் போட
விடை அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

"எதுக்குடி?"

பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறிய பெயரை
நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:
"இங்கதான் டீச்சர்
பக்கத்துல உக்காருறீங்க."

அதற்கு மேல் அதைப் பேசத் தைரியமில்லை.
சரி, அது ஏன் ஏழு என்று கேள்வியை மாற்றினேன்.
முகம் திரும்பியது.
நோட்டைப் பின்பக்கத்திலிருந்து விரித்தாள்.

"ஒண்ணை ஏழால வகுத்தா
ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு.
ரெண்டை வகுத்தாலும் அதே ஆறு பேருதான்,
ரெண்டு முன்னாடி நிக்கும்.
மூணுன்னா நாலு முன்னாடி.
புதுசா யாரும் வர்றதில்ல. யாரும் வெளிய போறதில்ல.
பதிமூணுக்குப் போனா ரெண்டு கோஷ்டி ஆயிடுறாங்க.
ஏன் டீச்சர்?"

பி.எஸ்சி., பி.எட்., பத்தொன்பது வருட சர்வீஸ்.
சாக்பீஸ் எடுத்துவர அனுப்பிவிடலாமா என்றிருந்தது.
"தெரியலையே" என்றேன்.

அவள் ஏமாந்த மாதிரி இல்லை.
நோட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி
"பதினேழு போட்டுப் பாப்போமா?" என்றாள்.
போட்டோம்.
ஒன்பதாம் இடத்தில் நான் தப்புவிட்டேன்,
பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்
கண்டுபிடித்தது கபிலேஷ்.

வியாழக்கிழமை ஆய்வு.
பன்னிரண்டாம் எண்ணுக்கு நேரே
'எடுத்த நடவடிக்கை' காலியாகக் கிடக்கிறது.
பதினேழுக்குப் பதினாறு பேர், ஒரே வரிசை
என்று எழுதினால்
ஒத்துக்கொள்வார்களா?