மொத்த அளவு

"குழந்தையக் கூட்டிட்டு வாங்க" என்றார்
சீட்டு எழுதுபவர்.
நான்தான் குழந்தை என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்:
பவுலின், இருபத்தொன்பது, எர்ணாவூர்.

பெரியவர்கள் பிரிவில் போன வாரமே கேட்டாயிற்று.
"இப்ப இருக்கிற நோயச் சொல்லும்மா."
இல்லாத நோய்க்கு அங்கே வரிசை கிடையாது.
அதனால் இங்கே,
முழங்கால் மோவாயில் இடிக்கிற சின்ன நாற்காலியில்.
சுவரில் அதே யானை.
தும்பிக்கையில் பெயின்ட் போன இடத்தில்
கொஞ்சம் நான் உரித்தது, ஏழு வயதில்.

லாரி நிறுக்கிற எடைமேடையில் வேலை.
கேபினுக்கு ஒன்பது படி.
பொங்கலிலிருந்து
ஆறாவது படியில் நின்றுவிட்டு ஏறுகிறேன்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.
"அந்தச் சிவப்பு மருந்து, மொத்தம் எவ்வளவு ஏறிச்சு?"
வந்த வேலை முடிந்ததும்
போய்விடுகிற மருந்து இல்லையாம் அது.
இருபது வருடம் கழித்தும்
இதயத்தில் வந்து கணக்கு கேட்குமாம்.
"ஃபைல் இருக்கா?"

ஃபைல்,
வெள்ளமும் எண்ணெயும் சேர்ந்தே வீட்டுக்குள் வந்த டிசம்பரில்
கறுப்பு அப்பளமாகிவிட்டது.
பிரித்தால் பக்கம் வரவில்லை,
பிசின் வந்தது.

அம்மா பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள்.
அந்தத் தண்ணீரில் மிதந்த ஒரே சொத்து.
மூடியைத் திருகி, சேட்டுக் கடை ரசீதுகளை
மேசைமேல் ஒவ்வொன்றாகப் போட்டாள்,
சீட்டாடுகிறவள் மாதிரி.
"ஸ்டாக் இல்லன்னு வெளிய எழுதிக் குடுத்த நாளுங்க டாக்டர்."

கம்மல் ஒரு ஜோடி, மூன்றே கால் கிராம், ஜூன் பதினொன்று.
கொலுசு, என்னுடையது, ஜூலை இரண்டு.
மூக்குத்தி, கல் நீக்கி, ஜூலை இருபத்துமூன்று.
தாலியிலிருந்து குண்டு இரண்டு, ஆகஸ்டு.
அண்டாவுக்குச் சேட்டு ரசீது தரவில்லை.
"அது மாதா தேருக்கு நாலு நாள் முன்னாடி."
"தண்டல் வாங்கிப் போட்டது ஒண்ணு.
மூத்திரம் செவப்பா போச்சுன்னு
பக்கத்து பெட்டு அம்மா கத்திச்சே, அது."
"ஆஸ்பத்திரியிலயே இருந்து ஏத்துனது ரெண்டு."
எப்படித் தெரியும் என்றார் டாக்டர்.
"அன்னிக்கு ரெண்டு பேரும் பஸ்ல தூங்கிட்டோம்.
ஸ்டாப்பிங் தாண்டிப் போயிட்டோம்."

"அப்ப எத்தன கிலோ இருந்தாங்க?"
நிறுப்பது என் தொழில். எனக்குத் தெரியவில்லை.
"பதினாறு. தூக்கினு நடந்தவ நான்."

இதெல்லாம் ரிக்கார்டு ஆகாதும்மா என்று சொல்லிக்கொண்டே
எழுதினார்: எட்டு முறை.
கீழே 'தோராயமாக'.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'தாய் சொன்னது'.

அம்மா அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஜாஸ்தியா குடுத்துட்டனா?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
நான் யானையைப் பார்த்தேன்.

எக்கோ அறையில் நெஞ்சில் குளிர்ந்த பசை.
ஈரத் துணி அலசுகிற சத்தம்தான் என் இதயம்,
கேட்க ஒன்றும் விசேஷமாயில்லை.
திரையில் ஐம்பத்திரண்டு என்று வந்தது.
"பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சுதான?" என்றாள் அம்மா.
டாக்டர் சிரித்துவிட்டார்.
"பாஸ்தாம்மா. ஆனா இனிமே வருஷா வருஷம் எழுதணும்."
காலையில் அரை மாத்திரை.
படியில் நின்று ஏறலாம், தப்பில்லை.

திரும்பும்போது கூட்டம்.
அடகு வைத்த எதையும் நாங்கள் மீட்டதில்லை.
எல்லாம் ஏலத்தில் போயிற்று.
தண்டையார்பேட்டையில் ஏறிய ஒருத்தியின் மூக்கில்
வெயில் பட்டு ஒரு கல் மினுக்கியது.
என் மூன்றாவது டோஸ் இப்படித்தான்
எங்கேயாவது பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

அம்மா பார்க்கவில்லை.
புதுச் சீட்டைச் சுருட்டிப்
பாட்டிலுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள்.
பெரிய காகிதம்.
மூடி சேரவில்லை.