முப்பத்தைந்தில் ஒன்று

கப்பல் துறையின் கிறிஸ்துமஸ் குலுக்கலில்
ரௌனோவுக்கு விழுந்தது ஒரு முழுப் பன்றித் தொடை.
எனக்கு ஒரு டாங்கி.
மாற்றிக்கொள்வோமா என்றேன்.
தொடையைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு
சிரித்தபடியே போய்விட்டான்.

முப்பத்தைந்தில் ஒன்று
என்றது அட்டைப்பெட்டி.
துர்க்குவில் இருபத்திரண்டு வருடங்களாக
எஃகோடு எஃகைப் பற்றவைப்பவள் நான்.
முந்நூறு மீட்டர், பதினெட்டு மாடி,
நடுவில் நீச்சல்குளத்தோடு மிதக்கும் கப்பல்கள்
என் வரிகளை நம்பிக் கடலுக்குப் போகின்றன.

ஜனவரி இரவில், சமையலறை மேசையில்,
அரை ரொட்டி நீளமுள்ள ஒரு யுத்தத்திடம்
தோற்றுப்போனேன்.

சட்டகத்தில் மீன்முள்ளாய்த் தொங்கிய உறுப்புகளை
நகவெட்டியால் வெட்டினேன்.
சி-27 துள்ளிப் பறந்தது.
குளிர்பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துக்
குப்புறப் படுத்துத் தேடியதில் கிடைத்தவை:
ஒரு சட்டைப் பொத்தான், பட்டாணி ஏழு,
போன வருடத்து மின்கட்டண ரசீது.

பசை வழிந்து
சுழல்கோபுரத்தின் நெற்றியில் பதிந்தது
என் கட்டைவிரல்.
கஞ்சிபோல் பச்சையைப் பூசினேன்,
ரேகை போகவில்லை.
பச்சைக்குக் கீழே இன்னும் தெளிவாகச் சுழன்றது.
தண்ணீரில் ஊறிய எண்ணை ஒட்டப்போனால்
மூன்று மடங்கி
எந்தப் படையிலும் இல்லாத எண் ஆனது.
இடது சங்கிலியைத் தலைகீழாய் மாட்டியிருக்கிறேன் என்று
எல்லாம் காய்ந்தபிறகு தெரிந்தது.
இது பனியில் ஓடினால்
ஒரு தடம் முன்னேறியதாகச் சொல்லும்,
மற்றது பின்வாங்கியதாக.

ஒன்றில் மட்டும் நான் தோற்கமாட்டேன் என்றிருந்தேன்.
முகப்புத் தகடுகள் சேரும் இடத்தில்
பெட்டிக்காரர்கள் வெல்டிங் வரியை
வைக்க மறந்திருந்தார்கள்.
மக்கு நூலாய் உருட்டி ஒட்டி,
ஊசிமுனையால் அழுத்தி அழுத்தி,
சாய்த்து அடுக்கிய காசுகளைப்போல
ஒரு வரி.
கடைக்கு எடுத்துப் போனேன், கொஞ்சம் கர்வத்தோடுதான்.
கல்லாவிலிருந்த எலியேல், பத்தொன்பது வயது,
மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்துச் சொன்னான்:
“ரொம்ப அழகா இருக்கு. அதனால தப்பு.”

மே மாதம் பரோலாவுக்குப் போனேன்.
அருங்காட்சியகத்தில் வரிசையாய் நிற்கின்றன.
பிள்ளைகள் பீரங்கிக்குழாயைப் பார்த்தார்கள்.
நான் தொடாதீர் என்ற பலகைக்குப் பக்கத்தில்
கையுறையைக் கழற்றினேன்.

என்ன வரி அது!
ஏறுகிறது, சொட்டுகிறது,
பாதியில் அறுந்து
ஒரு விரல் கீழே மறுபடி தொடங்குகிறது.
இங்கே தண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.
இங்கே யாரோ கத்தியிருக்கிறார்கள்.
இங்கே, இந்த நான்கு அங்குலத்தில்,
அவள் தூங்கியிருக்கிறாள்,
கை மட்டும் தூங்கவில்லை.
அவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
கூரையில்லாத கூடம், குளிர்காலம்,
ஆண்கள் எல்லாம் இதற்குள் ஏறிப் போய்விட்ட ஊர்.
வேறு யார் மிச்சம்?

முதலில் எங்களைச் சுட்ட வண்டி.
பிடிபட்டபின் எங்களுக்காகச் சுட்டது.
எங்கள் மேற்பார்வையாளர் பார்த்திருந்தால்
சிவப்புச் சாக்கட்டியால் வட்டமிட்டு
முழுவதையும் அரைத்தெடுக்கச் சொல்லியிருப்பார்.
எண்பது வருடங்களாக விடவில்லை,
அந்தத் தகடும் இந்தத் தகடும்.

வீட்டுக்கு வந்து
என் காசடுக்கைச் சுரண்டினேன்.
இரவு வேலை முடிந்து, சாப்பிடாமல்,
இடது கையால் போட்டேன் புதிய வரியை.
நடுவில் ஓரிடத்தில் உண்மையாகவே கண் சொருகியது.

கோடை விடுமுறைக்கு முன்பு
ரௌனோ வந்தான். தொடை மூன்றே நாளில் தீர்ந்ததாம்.
டாங்கியைக் கையில் எடுத்தான்,
முகப்பைத் திருப்பினான்.
இவனும் வெல்டர்தான்,
விரல் நேராக அங்கேதான் போயிற்று.

“யார் வச்ச வரி இது, வெட்கமில்லாம?”

எனக்குத் தெரிந்த ஒருத்தி
என்றேன்.

சி-27 இன்னும் கிடைக்கவில்லை.